முதலும் கருவும்: கணினிக் கதையாட்டத்தில் ஒரு தோட்டம்

பலர் கூடியிருந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, வாய்ச்சொல்லாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டவகை ஒன்று மேலைநாட்டிலே தோன்றி உலகெங்கும் பரவியுள்ளது. அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டமே இதற்கு வழிகாட்டி. ஆடுவோருள் ஒருவர் நடத்துநர். இடத்தை வருணிப்பவரும், எதிர்ப்படும் மாந்தர்க்குக் குரல் கொடுப்பவரும் அவரே. தெருக்கூத்தில் கட்டியக்காரன் வருவோரை வினாவி, கதையை இணைத்து, அவைக்கு விளக்கஞ் சொல்லும் பாங்கை அறிந்தவர்க்கு இவர் பணி புதிதாகத் தோன்றாது. வேறுபாடு ஒன்றுண்டு. கூத்தில் கதையின் முடிவை அவையோர் அனைவரும் அறிவர். இங்கே நடத்துநரும் அறியார். துரியோதனன் தொடையில் அடிவிழுமா என்பதை இருபது முகப் பகடை ஒன்று தீர்மானிக்கும்.

ஒரே மேசையைச் சுற்றி உட்கார இயலாதவர்க்காகக் கணினியிலேயே அம்மேசையை அமைத்துத் தரும் மென்பொருள்கள் பின்னர்த் தோன்றின. 2004-இல் ‘ஃபேண்டசி கிரவுண்ட்ஸ்’, 2012-இல் ‘ரோல்20’, 2020-இல் ‘ஃபவுண்ட்ரி’ என்பன வெளிவந்தன. இவற்றை மெய்நிகர் ஆட்டமேசை எனலாம். கோலசிலாங்கூரில் ஒருவரும் ஈப்போவில் ஒருவரும் இலண்டனில் ஒருவரும் இருந்துகொண்டு ஒரே படத்தின்மேல் தத்தம் காயை நகர்த்தலாம். இவற்றுள் ‘ஃபவுண்ட்ரி’ தமிழாசிரியர் கருத்தில் கொள்ளத்தக்கது. ஒருமுறை விலை கொடுத்தால் போதும் என்பது ஒரு காரணம். ஆட்டத்தின் உள்ளடக்கத்தை ஆடுவோரே எழுதிச் சேர்ப்பதற்கு அது விரிவாக இடந்தருகிறது என்பது அதனினும் பெரிய காரணம்.

அம்மென்பொருளில் மூன்று அடுக்குகள் உள. விதிகளின் தொகுப்பு ஓர் அடுக்கு. அதனை முறைமை என்போம். ஒரு குழுவினர் ஆடிவரும் தனி ஆட்டம் மற்றோர் அடுக்கு. அதற்கு உலகம் என்று பெயர். எந்த உலகத்திலும் கொண்டுபோய்ச் செருகத்தக்க பொருட்பொதி மூன்றாவது, அதுவே தொகுதி. தொகுதி என்றவுடன் நிரல் எழுதத் தெரிந்தவர்க்கே உரியது என்று அஞ்சுவாருளர். அவ்வச்சம் வேண்டியதில்லை. மென்பொருளின் செயலை மாற்றும் தொகுதிகளுக்கே நிரல் வேண்டும். இடமும் மாந்தரும் பொருளும் செய்தியும் அடங்கிய உள்ளடக்கத் தொகுதிக்கு ஒரு வரி நிரலும் தேவையில்லை. ஒரு கோப்புறை, அதனுள் ‘மாட்யூல்.ஜேசன்’ என்னும் பெயருடைய அறிமுகக் கோப்பு, அதனுடன் படங்களும் பொதிவுகளும். இவ்வளவே அதன் உடம்பு. அறிமுகக் கோப்பில் தொகுதியின் அடையாளப்பெயர், தலைப்பு, பதிப்பெண், ஆக்கியோர், மென்பொருளின் எந்தப் பதிப்புக்கு ஏற்றது என்பன குறிக்கப்படும். தலைப்பைத் தமிழில் எழுதலாம். அடையாளப்பெயரோ உரோம எழுத்தில், இடைவெளியின்றி அமைதல் வேண்டும். கோப்புறைக்கும் அதுவே பெயராதல் வேண்டும்.

இனி, அக்கோப்புறையுள் எதனை எழுதுவது? இவ்விடத்தில் மேலைநாட்டுக் கையேடுகளைவிடத் தொல்காப்பிய அகத்திணையியல் தெளிவாக வழிகாட்டுகிறது. பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தது அந்நூல். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். பிற்காலத்து நம்பியகப்பொருள் இதனைப் பதினான்காக விரித்தது. மாந்தர்தம் ஒழுக்கமே உரிப்பொருள். ஆட்டத் தொகுதி எழுதுவோன் செய்யத்தக்கவை முதலும் கருவும். உரிப்பொருளை அவன் எழுதலாகாது. அது ஆடுவோர்க்கு உரியது. ‘இங்கு வந்தவன் இதனைத்தான் செய்வான்’ என்று முன்னரே முடிவுகட்டிய தொகுதிகள் ஆட்டமாகாமல் பாடம் ஒப்பித்தலாய் முடிவதற்குக் காரணம் இந்த எல்லையைக் கடந்ததே.

கோலசிலாங்கூரும் அதனை அடுத்த வடசிலாங்கூர்த் தோட்டங்களும் இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. கடலும் ஆறும் கூடும் முகத்துவாரம், அதன்மேல் நிற்கும் மெலாவத்திக் குன்று, உள்நாட்டே தோட்டங்கள், வடக்கே தஞ்சோங் காராங் நெல்வயல்கள் என நிலம் வகைவகையாய்க் கிடக்கிறது. குன்றின்மேலிருந்த கோட்டையை ஒல்லாந்தர் 1784-இல் கைப்பற்றி ‘ஆல்டிங்ஸ்பர்க்’ எனப் பெயர் மாற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். அங்குள்ள கலங்கரை விளக்கம் 1907-இல் எழுந்தது. கோட்டையும் போரும் எந்த நாட்டு ஆட்டத்திலும் உண்டு. தமிழ் ஆசிரியன் கையில் மட்டுமே உள்ள நிலம், தோட்டம்.

நெய்தலும் மருதமும் இங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. தோட்டமோ ஐந்திணையுள் அடங்காதது. காட்டை அழித்து, ஒரே மரத்தை நிரைநிரையாக நட்டு, கடல்கடந்து வந்த மக்களை லயங்களிற் குடிவைத்து ஆக்கப்பட்ட நிலம் அது. அதற்கெனத் தெய்வமுண்டு, உணவுண்டு, தொழிலுண்டு, பொழுதுண்டு. எழுதப்பட்ட இலக்கணந்தான் இல்லை. பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஆன்றி ஃபொக்கொனியே 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றையொட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் வாழ்ந்தார். அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930-இல் கொன்கூர் பரிசு பெற்றது. துரையின் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து இந்நிலத்தைக் காண விரும்புவோர்க்கு அந்நூல் உண்டு. லயத்து வாசலிலிருந்து காண வேண்டின், கருப்பொருளை ஒருவர் புதிதாகத் தொகுத்தே ஆகவேண்டும்.

தொகுக்கத் தொடங்குவோர் முதலில் உறுதி செய்யவேண்டியது பொழுது. ஃபொக்கொனியேயின் தென்னமரம் தோட்டம் இதனை நன்கு விளக்கும். தமிழ்ச் சொல்லைத் தன் பெயராகத் தாங்கிய அத்தோட்டத்தில்தான் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. எனவே 1930-இல் நடக்கும் கதையில் அங்கே செம்பனை இருக்கலாம். ஆனால் சுற்றியுள்ள பெருந்தோட்டங்களில் எங்குங் கித்தா மரமே நிற்றல் வேண்டும். செம்பனை பரவலாகக் கித்தாவின் இடத்தைப் பிடித்தது 1960-களுக்குப் பிறகே. செம்பனைப் பூவில் மகரந்தஞ் சேர்க்கும் சிறு கூன்வண்டு காமரூனிலிருந்து 1981-இல் இங்குக் கொணர்ந்து விடப்பட்டது. அதற்குமுன் அவ்வேலையைத் தொழிலாளர் கையாலே செய்தனர். ஆகலின் 1975-இல் நடக்கும் ஆட்டத்தில் மகரந்தத் தூள் ஏந்திச் செல்லும் பெண்ணொருத்தியைப் பாத்திரமாக்கலாம். 1990-இல் நடக்கும் ஆட்டத்தில் அவளுக்கு வேலையில்லை. எலியை ஒழிக்கச் செம்பனைக் காட்டில் கூண்டமைத்துக் கூகை வளர்க்கும் வழக்கமும் பிற்காலத்ததே. பழைய தோட்டக் கதையில் அக்கூண்டு தலைகாட்டினால் அறிந்தவர் நகைப்பர்.

சிறுபொழுதும் இன்றியமையாதது. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்கு வடியும் என்பதனால், விடியுமுன்னே பெரட்டு, இருட்டிலே வெட்டு. மென்பொருளில் ஒவ்வொரு காட்சிக்கும் இருளின் அளவை 0 முதல் 1 வரை வைக்கலாம். பெரட்டுக் களத்தை 0.8 அளவில் வைத்து, ஒவ்வொரு காய்க்கும் தலைவிளக்கின் சிறு ஒளிவட்டம் தந்தால், ஆடுவோர் தம் விளக்குப் படும் இடத்தை மட்டுமே காண்பர். மரநிரைகளுக்கு நிலத்தடுப்பு என்றொரு சுவர்வகை பொருந்தும். முதல் தடுப்பைப் பார்வை கடந்து செல்லும், இரண்டாவதில் நின்றுவிடும். பக்கத்து நிரையில் நிற்பவன் தெரிவான். அதற்கப்பால் நிற்பவன் தெரியான். கித்தாக் காட்டில் நடந்தவர் அறிந்த காட்சியே இது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒருசேர மின்னும் மின்மினிகளைக் காட்டவும் துடிக்கும் ஒளி என்னும் அமைப்பு உண்டு.

மழைக்கு வாய்ப்பு அட்டவணை உதவும். பகடை உருட்டி ஒரு விளைவைப் பெறுவதற்கான பட்டியல் அது. ஏப்பிரல் மாதத்திலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் சிலாங்கூரில் மழை மிகுதி. அம்மாதங்களுக்குத் தனி அட்டவணை அமைத்து, மழைக்கு மிகுதியான எண்களை ஒதுக்கலாம். மங்கில் மழைநீர் கலந்தால் பால் கெட்டது. அன்றைய கூலியும் போயிற்று. வாளும் பூதமும் இல்லாமலே ஆடுவோர் நெஞ்சு பதைக்க இந்த ஓர் அட்டவணை போதும்.

கருப்பொருளை எழுதுகையில்தான் உண்மையான இடர் வருகிறது. மென்பொருள் உயிருள்ள அனைத்தையும் ‘மாந்தர்’ என்ற ஒரே படிவத்தில் எழுதச் சொல்லும். போர்விதி மிக்க முறைமையொன்றில் அப்படிவத்தைத் திறந்தால், உயிர்வலி எத்தனை, கவசம் எவ்வளவு, நல்லவனா தீயவனா என்ற கட்டங்கள் நிரப்பப்படக் காத்திருக்கும். தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டியை அங்கே எழுதினால், அடித்து வீழ்த்தத்தக்க ஒன்றாக அவரை ஆக்கியதாகும். உள்ளுறை உவமத்துக்குக் கருப்பொருளைக் கொள்ளும்போது தெய்வத்தை நீக்கிக் கொள்க என்ற தொல்காப்பியரின் வரம்பு இங்கே நினைக்கத்தக்கது. தெய்வத்தைக் குறிப்பேடு என்னும் வகையில் எழுதுவதே முறை. அங்கே வழிபாடும் வழக்கும் அச்சமும் உரைநடையாக நிற்கும், எண்ணாக மாறா.

கங்காணிக்கும் இதே நிலை. தீயவன் என்ற கட்டத்தில் ஒரு குறியிட்டு முடித்துவிடலாம். ஆனால் ஊரிலிருந்து உறவினரை அழைத்து வந்தவனும், அவர்க்குக் கடன் கொடுத்தவனும், அக்கடனாலேயே அவரைக் கட்டிவைத்தவனும் ஒருவனாக இருந்தான் என்பதை அக்கட்டம் தாங்காது. கிராணிக்கும் தண்டலுக்கும் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்த கிழவிக்கும் இவ்வாறே. எனவே போரை மையமாகக் கொள்ளாத முறைமையைத் தேர்தல் நன்று. ‘ஃபவுண்ட்ரி’யில் ‘எளிய உலகாக்கம்’ என்னும் பொருள்படும் பெயருடைய முறைமை ஒன்று விலையின்றிக் கிடைக்கிறது. அதில் கட்டங்களை எழுதுவோரே வகுத்துக்கொள்ளலாம். உயிர்வலிக்குப் பதில் கடன், கவசத்துக்குப் பதில் உறவு என்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. மாந்தர், பொருள்கள் ஆகியவற்றின் பொதிவுகள் ஒரு குறிப்பிட்ட முறைமையோடு பிணைக்கப்படும். காட்சி, குறிப்பேடு, அட்டவணை ஆகியவற்றின் பொதிவுகளுக்கு அப்பிணைப்பு இல்லை. எந்த விதியைக் கொண்டு ஆடுவோர்க்கும் அவை பயன்படும். காண்டா வாளியையும் பால்வெட்டுக் கத்தியையும் பற்றிய விளக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், முறைமை மாறினும் அது அழியாது.

இம்முயற்சிக்கு இப்போது ஏன் விரைவு வேண்டும் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. பத்தாங் பெர்சுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. அப்பகுதியின் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்னும் ஐந்து தோட்டங்களின் மக்கள் குடிபெயர்ந்தபின் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த செய்தி நாடறிந்தது. லயம் இடிந்த இடத்தில் கோயிலும் கிணறும் பள்ளியும் எவ்வெத்திசையில் இருந்தன என்பது அங்கே பிறந்தோர் நினைவில் மட்டுமே உள்ளது. வரலாற்று நூல் திசையைக் கேளாது. ஆட்டப் படமோ கட்டங்கட்டமாய் வரையப்படுவதால், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருந்தது என்று கேட்டே தீரும்.

கேட்டு எழுதும்போது இரண்டு எச்சரிக்கைகள். உயிரோடிருப்போர் பெயரையும், எளிதில் இன்னார் என்று அறியத்தக்க முன்னோர் பெயரையும் பாத்திரங்களுக்குச் சூட்டலாகாது. படம், பாட்டு, பிறர் எழுத்து ஆகியவற்றை உரிமை பெறாமற் சேர்த்தலும் ஆகாது. கையால் வரைந்த படம் எத்துணை எளியதாயினும் அதுவே மேல்.

எழுத்துருவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மலேசியத் தமிழாசிரியர் பலர், முத்து நெடுமாறன் 1980-களில் உருவாக்கிய முரசு மென்பொருளில் தட்டெழுதிய பழைய கோப்புகளை வைத்திருப்பர். ஒருங்குறிக்கு முற்பட்ட குறியேற்றத்தில் உள்ளவற்றை மாற்றாமல் ஒட்டினால் குறிப்பேட்டில் பொருளற்ற குறிகளே தோன்றும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்க. மென்பொருளின் புதிய பதிப்பு வருந்தோறும் தொகுதி இயங்குகிறதா என்று சோதித்து, அறிமுகக் கோப்பில் குறித்தல் வேண்டும். உரைப்பகுதி அனைத்துக்கும் தனியே ஒரு படி வைத்திருத்தல் அறிவுடைமை.

தொகுதி முடிந்ததும், ஆட்டத்துக்கு முன் தோட்டத்து முதியோர் சிலரிடம் படத்தைக் காட்டுவது பயனுடைத்து. கிணறு லயத்துக்கு மேற்கே இல்லை, கிழக்கே இருந்தது என்று ஒருவர் சொல்லக்கூடும். மற்றவரும் ஒப்பினால், படத்தில் கிணற்றை இடம்மாற்றி, அறிமுகக் கோப்பில் 1.0.0 என்றிருக்கும் பதிப்பெண்ணை 1.0.1 எனத் திருத்தி, மீண்டும் வெளியிடலாம்.