பெரிய தலை, குட்டி உடம்பு: சிறு பிள்ளைகளும் கார்ட்டூன் யானையும்

மூன்று வயதுப் பிள்ளையிடம் யானையொன்று வரையச் சொன்னால் தாளில் முதலில் விழுவது ஒரு வட்டம். அதற்குள் இரண்டு புள்ளிகள் கண்களாகும். வட்டத்தின் அடியிலிருந்து இரண்டு கோடுகள் கால்களாக இறங்கும். உடம்பு இருக்காது. பூனையைக் கேட்டாலும் வாப்பாவைக் கேட்டாலும் பெரும்பாலும் கிடைப்பது இதே உருவந்தான். சிறுவர் ஓவியத்தை ஆராய்ந்தவர்கள் இதற்கு வாற்பேத்தை உருவம் என்று பெயர் வைத்தார்கள். யானைக்கு வயிறு உண்டென்பது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். வயிறு எங்கே என்று கேட்டால் தாளில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டவும் செய்யும். ஆனால் அந்த வயதில் அதன் கைவசம் இருக்கும் வடிவங்கள் மிகச் சிலவே. கார்ட்டூன் விலங்கு வரையக் கற்றுக்கொடுப்பவர் தொடங்கவேண்டிய இடமும் அந்தச் சில வடிவங்கள்தான்.

எந்த வயதில் எந்த வடிவம் கைக்கு வரும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஆர்னல்ட் கெசெலின் காலத்திலிருந்தே ஆய்வாளர்கள் குறித்து வந்திருக்கிறார்கள். பார்த்து வரையச் சொன்னால் ஏறத்தாழ 3 வயதில் வட்டமும், 4 வயதில் கூட்டல் குறியும், நாலரை முதல் 5 வயதுக்குள் சதுரமும், 5 வயதையொட்டி முக்கோணமும் வருகின்றன. சாய்சதுரத்துக்கு 7 வயதாகிவிடும். கடினமானது சாய்கோடு. நிலைக்குத்துக் கோட்டுக்கும் கிடைக்கோட்டுக்கும் தாளின் ஓரங்கள் துணை நிற்கின்றன. சாய்கோட்டுக்கு அப்படியொரு துணை இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. விலங்கைக் காதைப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டும். முன்பள்ளியில் முதலில் கற்பிப்பதற்குப் பலரும் பூனையைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் பூனையின் காது முக்கோணம். அதிலும் வட்டத் தலையின் சரிவில் நிற்கும் முக்கோணம். நாலு வயதுக்காரர் வரையும் காது தலைக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் சரிந்துவிடும். வீட்டுக் கூரையின் சரிவில் புகைபோக்கியை வரையும்போதும் பிள்ளைகள் இதையே செய்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். யானை, கரடி, எலி ஆகியவற்றின் காதுகள் வட்டம். முயலின் காது நீண்ட வளையம். இவை நாலு வயதுக்குப் பொருந்தும். பூனை தரம் 1 வரை காத்திருக்கலாம்.

சிறு பிள்ளை வரையும் விலங்குக்குத் தலை பெரிதாக இருப்பதைப் பெரியவர்கள் பிழையென்று திருத்துவதுண்டு. பிள்ளை தலையிலிருந்து தொடங்குகிறது, கண், வாய், துதிக்கை எல்லாவற்றுக்கும் அதற்குள்ளேயே இடம் தேடுகிறது, மிஞ்சிய தாளில் உடம்பு ஒடுங்கிப்போகிறது. முதலில் உடம்பை வரையச் செய்தால் தலை சிறுத்துவிடுகிறது என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இது பெரும்பாலும் வரிசையால் வரும் விளைவு. வியப்பு என்னவென்றால், தொழில்முறைக் கார்ட்டூன் ஓவியர் திட்டமிட்டுச் செய்வதும் இதையேதான். விலங்கு நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லொரென்ஸ் 1943இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே அமைந்த பெரிய கண்கள், உருண்ட கன்னம், குட்டையான கைகால் ஆகிய மழலை அடையாளங்கள் எங்கே தெரிந்தாலும் மனிதருக்குப் பாசம் ஊறுகிறது என்றார். 1979இல் ஸ்டீவன் ஜே கூல்ட் என்ற உயிரியலாளர் மிக்கி மவுஸை அளந்து பார்த்தார். 1928இல் திரைக்கு வந்த அந்த எலியின் கண், தலையின் நீளத்தில் 27 சதவீதமாக இருந்து காலப்போக்கில் 42 சதவீதமாக வளர்ந்திருந்தது. தலையும் உடம்பின் நீளத்தோடு ஒப்பிடுகையில் 42.7இலிருந்து 48.1 சதவீதமாகியிருந்தது. தேர்ந்த ஓவியர்கள் பல ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடத்துக்கு நாலு வயதுக் கை தானாகவே வந்துவிடுகிறது. பிள்ளையின் யானைத் தலையை அழிறப்பரால் தேய்த்துச் சிறிதாக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அடுத்தது கை. கோடு போடும் அசைவு முதலில் தோளிலிருந்து வருகிறது; பிறகு முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல். ஒன்றரை வயதுப் பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறது. மூன்று விரலால் பிடித்து விரல்களையே அசைத்து வரைவது பெரும்பாலும் 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில் கைவருகிறது. நீளமான பென்சிலைவிட உடைந்த பெஸ்டல் துண்டு நல்லது. முஷ்டியால் பிடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் விரல்நுனிகளுக்கு வேறு வழியில்லை. சுவரில் ஒட்டிய பெரிய தாளிலோ கரும்பலகையிலோ வெண்கட்டியால் வரையச் செய்வதும் உதவும். நிமிர்ந்த பரப்பில் மணிக்கட்டு பின்னோக்கி மடிந்து விரல்களுக்குப் பலம் கொடுக்கிறது. ஞ, ண, ழ ஆகிய எழுத்துகளின் சுழிகளை எழுதப்போகும் விரலுக்குத் துதிக்கையின் வளைவு நல்ல முன்பயிற்சி.

இலங்கையின் கிழக்கே சம்மாந்துறைப் பகுதியில் யானை படப் புத்தகத்தில் மட்டும் வாழும் விலங்கல்ல. வயல்களுக்குள் யானை இறங்குவதும் விரட்டுவதற்கு யானை வெடி போடுவதும் அங்கு வழக்கமான செய்தி. அதனால் படத்தைக் காட்டுவதற்கு முன் பேச்சைத் தொடங்கலாம். ‘காது எப்படி அசைந்தது? வாலின் நுனியில் என்ன இருந்தது? நெல்லை எதால் பிடுங்கியது?’ ஒவ்வொரு பதிலும் தாளில் ஒரு உறுப்பாகும். பெரிய வட்டம் ஒன்று தலை. இரு பக்கமும் இரண்டு வட்டங்கள் காதுகள். முகத்தின் நடுவிலிருந்து கீழே இறங்கி நுனியில் மேலே வளையும் தடித்த கோடு துதிக்கை. அதன் மேல் குறுக்கே சில சிறு கோடுகள் சுருக்கங்கள். கண்களைத் தலையின் பாதிக்குக் கீழே வைக்கச் சொன்னால் யானை உடனே குட்டியாகிவிடும். புருவத்தை உள்ளே சாய்த்தால் கோபம், வெளியே சாய்த்தால் பயம். இந்தக் கடைசி மாற்றத்தில்தான் பிள்ளைகள் அதிக நேரம் செலவிடுவார்கள், செலவிட விடவேண்டும். கற்பிப்பவர் தன் தாளில் வரைந்து காட்டட்டும். பிள்ளையின் தாளில் கை வைக்கவே கூடாது.

பார்த்து வரைவது பிள்ளையின் கற்பனையைக் கெடுக்கும் என்ற கருத்து பழையது. வியன்னாவில் 1897இல் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிஷெக், பிள்ளை தன் போக்கில் வரையவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். பிரெண்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1977இல் இதை மறுத்தார்கள். பிள்ளைகள் வரைவதில் மிகப் பெரும்பகுதி அவர்கள் பார்த்த பிற படங்களிலிருந்தே எடுத்தது; மொழியைக் கேட்டுப் பழகுவது போலவே படத்தையும் பார்த்துப் பழகுகிறார்கள் என்றார்கள். கெடுதல் பார்த்து வரைவதில் இல்லை, அதோடு நின்றுவிடுவதில்தான் இருக்கிறது. முப்பது பிள்ளைகளும் ஒரே யானையை வரைந்து ஒட்டிய சுவர், ஆசிரியையின் கைத்திறனைத்தான் காட்டும். மாதிரியைப் பார்த்து ஒன்று வரைந்ததும் அதை மறைத்துவிட்டு, இதே யானை மழையில் நனைந்தால், நித்திரை கொண்டால், தம்பியைத் தேடினால் எப்படி இருக்கும் என்று கேட்கவேண்டும். கற்றது கைக்குள் போய்விட்டதா என்பது அப்போது தெரியும்.

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதில் மார்க்க ரீதியான தயக்கம் உள்ள குடும்பங்களும் கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களில் உண்டு. சிறுவர் விளையாட்டுக்குச் சலுகை உண்டென்று கருதும் அறிஞர்கள், அபூதாவூத் கிரந்தத்தில் பதிவான ஹதீஸ் ஒன்றை எடுத்துக்காட்டுவார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே துணிச் சிறகு வைத்த குதிரையொன்றை நபி (ஸல்) அவர்கள் கண்டு விசாரித்ததையும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததே என்ற பதிலைக் கேட்டுச் சிரித்ததையும் அது சொல்கிறது. முடிவு குடும்பத்துடையது. விலங்கு வேண்டாமென்றால் அதே வட்டமும் வளைவும் தோணியிலும் உழவு இயந்திரத்தின் சக்கரத்திலும் பூசணிக்காயிலும் கிடைக்கும். விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆறு, ஏழு வயதில் புதிய சிக்கல் ஒன்று வரும். பிள்ளை யானையின் உடம்பைப் பக்கவாட்டில் வரைந்து, முகத்தை மட்டும் முன்பக்கம் திருப்பி இரண்டு கண்களையும் வைக்கும். நாலு கால்களும் வேலிக் கம்பிபோல வரிசையாக நிற்கும். கண்ணுக்குத் தெரிவதை விட்டுத் தனக்குத் தெரிந்ததை வரையும் இந்தப் பருவத்தைப் பிரெஞ்சு ஆய்வாளர் லூக்கே 1927இல் எழுதிய நூலில் அறிவுசார் யதார்த்தம் என்று குறித்தார். எட்டு, ஒன்பது வயதில் அது தளரும். அப்போது தன் படம் நிஜம் போல இல்லையென்று பல பிள்ளைகள் வரைவதையே கைவிடுகிறார்கள். கார்ட்டூனின் பெரும் பயன் இங்கேதான். நிஜம் போல இல்லாமலே சரியாக இருக்கலாம் என்பதை அது காட்டுகிறது. இலங்கைப் பிள்ளைகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு, சிபில் வெத்தசிங்க 1956இல் வெளியிட்ட ‘குட ஹொரா’ படக்கதையில் குடைகளைத் திருடும் குரங்கு.

இந்த வயதில் அசைவைக் கற்பிக்கலாம். யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் நாலு காலையும் ஒரேயடியாகத் தரையிலிருந்து தூக்குவதில்லை. கார்ட்டூன் யானை தூக்கலாம். காலடியில் ஒரு கோட்டை நிழலாகப் போட்டு, காலுக்கும் நிழலுக்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டால் யானை பாய்கிறது. கோட்டைக் காலோடு ஒட்டிப் போட்டால் நிற்கிறது.