படிவத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர்

விருதுநகர் மாவட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்கள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். தமிழ் படிப்பவர் எண்ணினால் ராஜபாளையத்துக்கு 6 எழுத்து. 'ஸ்ரீ'யை ஒன்றாகக் கொண்டால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 8 எழுத்து. கணினி எண்ணினால் 10, 18 என்று வரும். சேமிக்கத் தேவைப்படும் இடத்தை பைட் கணக்கில் அளந்தால் 30, 54. ரேஷன் கார்டு விண்ணப்பமோ பால்கோவா ஆர்டரோ, இணையப் படிவத்தில் தமிழ்ப் பெயர் சிதைகிறது என்றால் அதற்கான காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குகளுக்குள்தான் இருக்கிறது.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். தபால் துறை ராஜபாளையத்துக்கு 626117, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125 என்று எண் கொடுத்திருப்பது போல, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். 1963இல் வந்த ஆஸ்கி முறையில் இருந்தவை 128 இடங்கள்தான். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், சில குறிகளோடு அவை தீர்ந்துவிட்டன. உலக மொழிகள் அனைத்துக்கும் சேர்த்து எண் கொடுக்கும் யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம் ஒதுக்கப்பட்டது.

யூனிகோடில் எல்லா உயிர்மெய்க்கும் தனி எண் கிடையாது. 'க', 'ஸ' போன்ற அகரமேறிய எழுத்துக்கு ஓர் எண். புள்ளிக்கும் துணைக்குறிகளுக்கும் தனித்தனி எண்கள். ஆகவே கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'ஸ்ரீ', கணினிக்குள் நான்கு எண்களின் வரிசை: 3000, 3021, 2992, 3008. அதாவது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி.

இந்த எண்களைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கவும் அனுப்பவும் இன்று பரவலாகப் பயன்படுவது யுடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்தது. இதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். மேலே சொன்ன தமிழ் எண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரின் 18 எண்கள் 54 பைட் ஆவது இப்படித்தான்.

படிவத்தில் நாம் எழுதுவது பிரௌசரிலிருந்து சர்வருக்குப் போய், அங்கிருந்து தரவுத்தளத்தில் சேர்கிறது. மூன்று இடத்திலும் ஒரே முறை இருந்தால் சிக்கல் இல்லை. எங்கே பிசகியது என்பதை விளைவை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

தலையில் சாய்ந்த கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய முத்திரையும் மாறி மாறி வந்தால், யுடிஎஃப்-8இல் வந்ததை யாரோ மேற்கு ஐரோப்பிய முறையில் படித்திருக்கிறார்கள் என்று பொருள். 'ஸ்' என்று வந்தால், படிவப் பக்கமே பழைய முறையில் இருந்திருக்கிறது; அந்த முறையில் தமிழுக்கு இடம் இல்லாததால் பிரௌசர் எண்ணையே எழுதி அனுப்பியிருக்கிறது. இவை இரண்டையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் மீட்க வழியில்லை. தமிழை ஏற்காத ஓர் இடத்தில் எழுத்துகள் போய், அவற்றின் இடத்தில் கேள்விக்குறியே சேமிக்கப்பட்டுவிட்டது.

அடுத்த தடை நீளம். ஊர்ப் பெயருக்கு '50' என்று இடம் ஒதுக்குகிறவர் 50 எழுத்து என்று நினைத்திருப்பார். தரவுத்தளம் அதை 50 பைட்டாக எடுத்துக்கொண்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் அதற்குள் அடங்காது. 48 பைட்டில் 'ஸ்ரீவில்லிபுத்தூ' வரை வந்துவிடும். மிச்சம் 2 பைட்டில் 'ர' உட்கார முடியாது. சில தரவுத்தளங்கள் பிழை காட்டித் திருப்பி அனுப்பும். சில, பெயரை வெட்டிச் சேமித்துவிடும்.

மூன்றாவது தடை, 'எழுத்துகள் மட்டும்' என்ற விதி. யூனிகோடு வகைப்பாட்டில் 'ர' எழுத்து. அதன் பக்கத்தில் வரும் துணைக்கால் எழுத்து அல்ல, 'குறி' என்ற வேறு வகை. புள்ளியும் அப்படியே. எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் படிவம் ராஜபாளையத்தின் முதல் எழுத்தான 'ரா'விலேயே நின்றுவிடும். எழுத்தோடு குறி வகையையும் சேர்த்து அனுமதிப்பதுதான் தீர்வு. இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியையும், கதவிலக்கத்தில் வரும் சாய்கோட்டையும் மறுக்கும் படிவங்களும் இருக்கின்றன. ஊடுருவலுக்கு அஞ்சி இவற்றைத் தடுப்பது தவறான வைத்தியம். பயனர் எழுதியதைத் தரவுத்தளக் கட்டளையோடு ஒட்டாமல் தனித் தரவாக அனுப்பி, திரையில் காட்டும்போது சிறப்புக் குறிகளை மாற்றிக் காட்டினால் எந்தக் குறியையும் அச்சமின்றி ஏற்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' என்ற கிரந்த எழுத்து 2998ஆம் இடத்தில் சேர்க்கப்பட்டது. அதுவரை 'ஸ' வைத்து எழுதிய ஸ்ரீயை அதன்பின் 'ஶ' வைத்து எழுதுவதே பொருத்தம் என்றாயிற்று. பழைய வழக்கம் மறையவில்லை. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒரு விசைப்பலகை 3000இல் தொடங்கும், இன்னொன்று 2998இல் தொடங்கும். ஆர்டர் பட்டியலில் ஊர் ஒரு விதமாகப் பதிவாகியிருக்க, தேடுபவர் மற்ற விதமாக அடித்தால் 'முடிவுகள் இல்லை' என்றே வரும்.

'கொ'வுக்கும் இரட்டை வடிவம் உண்டு: ஒகரக் குறியை 3018 என்று ஒரே எண்ணாகவும் எழுதலாம், 3014, 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடின் இயல்பாக்க முறை இவற்றை ஒன்றாக்கிவிடும். இரண்டு ஸ்ரீயை அது ஒன்றாக்காது. இரண்டையும் சமமாகவே கொள்ளுங்கள் என்று யூனிகோடு தரம் பரிந்துரைக்கிறது. அதைச் செய்ய வேண்டியது மென்பொருள் எழுதுபவர். தேடும் முன்பு ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள ஒரே ஒரு வரி நிரல் போதும்.

பாமினி, வானவில் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் இருந்த காலத்தில், எல்லா இடத்திலும் ஒரே முறை என்பதே கனவு. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அடிப்படை எப்போதோ தயார். படிவங்கள்தான் பின்தங்கி இருக்கின்றன.

படிவம் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியிடும் முன் ஊர்ப் பெயர்க் கட்டத்தில் ராஜபாளையம் என்றும், இரண்டு விதமாகவும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும் அடித்துப் பாருங்கள். சேமியுங்கள், திரும்ப எடுங்கள், தேடுங்கள். மூன்றும் சரியாக நடந்தால் தமிழ்நாட்டின் எந்த ஊர்க்காரரும் தன் பெயரையும் முகவரியையும் தன் மொழியில் எழுதலாம். நடக்காவிட்டால் திருத்த வேண்டியது படிவத்தை. ஊரின் பெயரை அல்ல.