ஏலப் பட்டியலில் விடுபடும் ஆண்டுகள்

2025 மே 7-ஆம் தேதி ஹாங்காங்கில் நடக்கவிருந்த ஓர் ஏலம் கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டது. சோத்பீஸ் நிறுவனம் விற்பனைக்கு அறிவித்திருந்தவை, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள பிப்ரவா ஸ்தூபியிலிருந்து 1898-இல் தோண்டி எடுக்கப்பட்ட மணிகளும் பொன் அணித் துணுக்குகளும். புத்தரின் எலும்பு எச்சங்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்டவை அவை. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் சட்ட அறிவிக்கை அனுப்பியது. பௌத்த அமைப்புகளும் அறிஞர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஜூலை இறுதியில் கோத்ரெஜ் குழுமம் அவற்றை வாங்க, மணிகள் இந்தியா வந்து சேர்ந்தன.

வழிபாட்டுக்கு உரியதை விலை கூறலாமா என்பதே அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. நியாயமான கேள்விதான். ஆனால், பல ஆண்டுகளாக ஏலப் பட்டியல்களை வாசித்து வரும் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அந்த மணிகளைத் தோண்டியவர் டபிள்யூ.சி. பெப்பே என்ற ஆங்கிலேயப் பண்ணை நிர்வாகி. அவற்றில் பெரும்பகுதியைக் காலனி அரசு எடுத்துக்கொண்டு ஒரு பங்கை அவரிடம் விட்டது. அது அவருடைய வழித்தோன்றல்களிடம் இருந்தது. 1898 முதல் 2025 வரை ஒரு கண்ணிகூட அறுபடாத வரலாறு. எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்பது ஐயமின்றித் தெரிந்ததால்தான் அந்த விற்பனையைப் பெயர் சொல்லி எதிர்க்க முடிந்தது.

நம் ஊர்க் கோயில்களிலிருந்து போன பொருள்களுக்கு இந்த வாய்ப்பு அரிதாகவே கிட்டுகிறது. காரணத்தை அறிய, ஏலம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

ஏல நிறுவனம் பொருளின் உரிமையாளர் அன்று, விற்பவரின் முகவர். லண்டனில் 1744-இல் தொடங்கிய சோத்பீஸ், 1766-இல் தொடங்கிய கிறிஸ்டீஸ் ஆகிய இரண்டும் இன்றுவரை அடிப்படையில் அந்த வேலையைத்தான் செய்கின்றன. விற்பவரிடம் ஒரு தரகு. 1975 முதல் வாங்குபவரிடமும் ஒரு கட்டணம். ஆகவே, நாளிதழ்களில் வரும் விலைக்கும் மேடையில் சுத்தியல் தட்டப்பட்ட விலைக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருக்கும். பட்டியலில் அச்சாகும் மதிப்பீட்டு விலை ஒரு தூண்டில் மட்டுமே. அதற்குக் கீழே, விற்பவரும் நிறுவனமும் மட்டுமே அறிந்த குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு. அதை எட்டும்வரை, அரங்கில் எவரும் கை உயர்த்தாதபோதும், விற்பவர் சார்பில் ஏலதாரரே விலை ஏற்றிக்கொண்டு போகலாம். இது விதிகள் அனுமதிக்கும் வழக்கமே. 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று கூவும் நம் ஊர் ஏலக்காரர்களுக்கும் இந்த உத்தி புதிதாக இராது.

விலை எதனால் ஏறுகிறது? பொருளின் அழகு ஒரு பங்குதான். மிகுதி அதன் கதை. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஓர் ஏல நிறுவனத்தின் அஞ்சல் பெட்டியில் உறையில் இட்டுப் போடப்பட்டிருந்த மூக்குக் கண்ணாடி ஒன்று, 2,60,000 பவுண்டுக்கு விலை போயிற்று. மதிப்பிட்டது 10,000 முதல் 15,000 பவுண்டு. அணிந்திருந்தவர் காந்தியடிகள் என்பதற்கு அப்பால் அந்தக் கண்ணாடியில் விலை மதிப்புள்ளதாக ஒன்றும் இல்லை. 2023 மே மாதம் லண்டனில் போன்ஹாம்ஸ் விற்ற திப்பு சுல்தானின் படுக்கையறை வாளுக்கு 15 முதல் 20 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டிருந்தார்கள். கிடைத்தது 1 கோடியே 40 லட்சம் பவுண்டு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் தளபதி டேவிட் பேர்டுக்கு அது வழங்கப்பட்டது என்ற குறிப்பு வெட்கத்துக்குரியதாக அல்ல, பெருமைக்குரியதாகப் பட்டியலில் இடம்பெற்றது. நெடுங்காலத்துக்கு முன் நடந்த சூறையாடல் சந்தையில் நற்சான்றாகிவிடுகிறது. அண்மையில் நடந்த திருட்டுக்கு அந்தப் பெருமை இல்லை. ஆகவே அது மறைக்கப்படுகிறது.

மறைக்கப்படும் இடம், பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே சிறிய எழுத்தில் வரும் உடைமை வரலாறு. 'ஐரோப்பியத் தனியார் தொகுப்பு. 1960-களில் பெறப்பட்டது', 'ஒரு சீமாட்டியின் உடைமை', 'குடும்பத்தின் வழியே வந்தது' என்பன போன்ற தொடர்களை அங்கே அடிக்கடி காணலாம். விற்பவரின் தனியுரிமையைக் காப்பது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். உண்மையாகவே கூச்சப்படும் சீமாட்டிகளும் இருக்கக்கூடும். ஆனால் ஒரு கோயில் திருமேனி பிறந்த ஊர் எது, அங்கிருந்து எந்த ஆண்டு புறப்பட்டது என்ற இரு கேள்விகளுக்கும் அந்த வரியில் விடை இராது. சோழர் காலம், பதினோராம் நூற்றாண்டு, தென்னிந்தியா என்று தொடங்கும் குறிப்பு, ஒரே தாவலில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஐரோப்பாவில் போய் நிற்கும். இடையில் ஒன்பது நூற்றாண்டு. அவ்வளவு காலமும் அந்தத் திருமேனி ஓர் ஊரில் நீராட்டப்பட்டு, அலங்கரிக்கப்பட்டு, வீதி உலா வந்திருக்கும்.

அந்த இடைவெளியை நிரப்பிய ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்றை 1967-இல் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் வாங்கியது. ஓர் ஐரோப்பியச் சேகரிப்பாளரின் தொகுப்பிலிருந்து வந்தது என்பது தவிர வேறு விவரம் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கே காட்சியில் இருந்தது. 2019-இல் ஓர் ஆய்வாளர், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பில் அதே திருமேனியைக் கண்டார். படம் எடுக்கப்பட்ட ஆண்டு 1957. எடுக்கப்பட்ட இடம் கும்பகோணம் வட்டாரத்தைச் சேர்ந்த சௌந்தரராஜப் பெருமாள் கோயில். கோயிலில் நின்றதற்கும் ஏல மேடையில் ஏறியதற்கும் இடையே பத்தே ஆண்டுகள். அருங்காட்சியகம் தானாகவே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தெரிவித்தது. 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் மன்றம் திருப்பித் தரும் கோரிக்கையை ஏற்றது.

இதில் எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போதுமானதாக இருந்தது.

படத்துக்கு ஏன் இத்தனை வலிமை? நம் நாட்டுச் சட்டம் மட்டும் போதாதா என்று கேட்கலாம். 1947-இலேயே தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. அதைவிடக் கடுமையான 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 1976 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம், நாணயம் முதலியவையும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த சுவடிகளும் தொல்பொருள்கள். அவற்றை நாட்டுக்குள் உரிமம் பெற்ற வணிகர் விற்கலாம். தனியாரோ வணிகரோ வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. மும்பை ஏலங்களில் சில பொருள்களுக்கு எதிரே 'ஏற்றுமதிக்கு உரியதன்று' என்ற குறிப்பு இருப்பது இதனால்தான்.

ஆனால், ஒரு நாட்டின் ஏற்றுமதித் தடையை மீறியது மற்றொரு நாட்டு நீதிமன்றத்தில் தானாகவே திருட்டு ஆகிவிடாது. இதைப் பலர் உணர்வதில்லை. லண்டனிலோ நியூயார்க்கிலோ வழக்காடும்போது காட்ட வேண்டியது, இந்தப் பொருள் இன்னாருக்கு உரியது, அவரிடமிருந்து களவு போனது என்பதை. அதிலும் ஊருக்கு ஊர் நியாயம் வேறு. இங்கிலாந்தில், திருட்டுப் பொருள் என்று அறியாமல் நல்லெண்ணத்தோடு ஒருவர் வாங்கி ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டால், இழந்தவரின் உரிமை பொதுவாக அற்றுப்போகும். நியூயார்க்கில் திருடன் கொடுத்த பொருளுக்கு, எத்தனை கை மாறினாலும், முழு உரிமை பிறப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் நம் திருமேனிகள் பலவும் அமெரிக்காவிலிருந்து திரும்புவதற்கு அங்குள்ள அரசு வழக்கறிஞர்களின் ஊக்கத்தோடு இந்தச் சட்டநிலையும் ஒரு காரணம்.

உரிமையை நிறுவுவது எவ்வளவு கடினம் என்பதற்குப் பத்தூர் நடராசர் வழக்கு சான்று. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் ஒரு கூலித்தொழிலாளி மண்ணுக்கடியில் கண்டெடுத்த அந்தத் திருமேனி, பல கை மாறி 1982-இல் லண்டனில் ஒரு கனடா நிறுவனத்தின் வசமாயிற்று. செப்பனிடுவதற்காகக் கொடுத்திருந்த இடத்தில் லண்டன் காவல் துறை அதைக் கைப்பற்றியது. உடன் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டும், ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தும், நிபுணர்கள் நாள்கணக்கில் சாட்சியம் சொல்லியும்தான் அது பத்தூரைச் சேர்ந்தது என்று நிலைநாட்ட முடிந்தது. இடிந்து கிடந்த கோயிலையே வழக்காடும் உரிமையுள்ள சட்ட நபராக ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது அந்த வழக்கின் பெருஞ்சிறப்பு. 1991-இல் நடராசர் நாடு திரும்பினார். பத்தூரைப் போல் வாதாட எல்லா ஊர்களுக்கும் இயலுமா?

ஏல நிறுவனங்களும் வணிகர்களும் தம் பொறுப்பைக் காட்டச் சுட்டும் ஆவணம் ஒன்று உண்டு. லண்டனில் உள்ள களவு போன கலைப்பொருள்களின் பதிவேட்டில் தேடிப் பார்த்து, 'எங்கள் பட்டியலில் இது இல்லை' என்று பெறும் சான்று அது. கேட்பதற்கு உறுதியளிப்பதாக இருக்கும். ஆனால் எவரும் புகார் கொடுக்காத பொருள் அந்தப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஒரு நியூயார்க் வணிகரிடமிருந்து சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருமேனி போனது வெளியே தெரிவதற்குள் அது கடல் கடந்துவிட்டிருந்தது. பின்னர் அதை அடையாளம் காட்டியவையும் புதுச்சேரிப் படங்களே. 2014-இல் ஆஸ்திரேலியப் பிரதமரே அதை நேரில் ஒப்படைத்தார்.

சிவபுரம் நடராசர் கதை இன்னும் கசப்பானது. 1950-களில் சீரமைப்பதற்காக வெளியே போனது மூலத் திருமேனி. திரும்பி வந்தது நகல். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965-இல் வெளியிட்ட நூலில் எழுதிய பிறகே அது நகல் என்பது வெளிப்பட்டது. மூலம் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய், நீண்ட வழக்குக்குப் பின் 1980-களின் பிற்பகுதியில் திரும்பியது. அளவும் எடையும் நுணுக்கமான படங்களும் முன்பே பதிவாகியிருந்தால் அந்த மாற்றாட்டம் திரும்பி வந்த அன்றே சிக்கியிருக்கும்.

தமிழகத்தில் அறநிலையத் துறையின் பொறுப்பில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களும் சமய நிறுவனங்களும் உள்ளன. சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983 முதல் இயங்குகிறது. திருவாரூரில் உள்ளதைப் போன்ற உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்களும் இருக்கின்றன. இவையெல்லாம் பொருளைப் பூட்டி வைக்கும் ஏற்பாடுகள். பூட்டு உடைந்த பிறகு உதவுவது படமும் அளவும்தான். அந்தப் படங்கள் அலுவலகக் கோப்பில் இருந்து பயனில்லை. உலகில் எவரும் தேடிப் பார்க்கும் வகையில் இருக்க வேண்டும். படத்தை வெளியிட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகும் என்று அதிகாரிகள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த ஊரில் என்ன இருக்கிறது என்பது திருடனுக்கு ஏற்கெனவே தெரியும். ஆக்ஸ்போர்டுக் காப்பாட்சியருக்கும் ஹாங்காங் ஏலதாரருக்கும்தான் தெரியாது. அல்லது, தெரியாது என்று சொல்லிக்கொள்ள இப்போது வசதி இருக்கிறது.

கலைப்பொருளைப் பதிவு செய்ய உலக அளவில் ஏற்கப்பட்ட படிவம் ஒன்று 1990-களிலேயே உருவாகிவிட்டது. பொருளின் வகை, செய்பொருள், அளவு, எழுத்துப் பொறிப்பு, தனி அடையாளங்கள், படங்கள். இவ்வளவுதான். விரலில் ஒரு முறிவு, பீடத்தில் ஒரு துளை, திருவாசியில் உதிர்ந்த ஒரு சுடர் ஆகியவையே பின்னாளில் சாட்சி சொல்லும். கல்லூரி மாணவர் இருவர் ஒரு நாளில் ஒரு சிறு கோயிலை முடித்துவிடலாம்.

திருமேனிகளைப் பற்றியாவது இன்று பேச ஆள் இருக்கிறது. வெளிநாட்டு ஏலங்களில் ஓசையின்றி விலை போகும் தேர்ச் சிற்பங்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. 'தென்னிந்தியா, மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டு, கோயில் தேரின் பகுதி' என்று பட்டியலிலேயே வெளிப்படையாக எழுதுகிறார்கள். எந்தத் தேர் என்பது மட்டும் இராது. பழைய தேரைப் புதுப்பிக்கும்போது கழற்றப்படும் யாளியும் குதிரைவீரனும் எங்கே போகின்றன என்பதற்கு எத்தனை கோயில்களில் கணக்கு இருக்கும்? அடுத்த முறை உங்கள் ஊர்த் தேர் திருப்பணிக்காகப் பிரிக்கப்படும்போது, ஒவ்வொரு பலகையையும் கைப்பேசியில் படமெடுத்து, தேதியையும் ஊர்ப் பெயரையும் எழுதி வைக்க எவர் அனுமதியும் தேவையில்லை.