எட் (உரைத்தொகுப்பி)

எட் என்பது யுனிக்ஸ் இயங்குதளத்திற்காக 1969 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் எழுதிய வரிசார் உரைத்தொகுப்பி ஆகும். தொகுக்கப்படும் பக்கத்தை இது திரையில் விரித்துக் காட்டாது. எந்த வரியில் என்ன செய்வது என்பதைப் பயனரே கட்டளையாகத் தரவேண்டும். அக்காலத்து முனையம் தாளில் மெதுவாக அச்சிடும் தொலைதட்டச்சுப் பொறியாகும். எனவே எட் இயன்றவரை பேசாதிருக்குமாறு அமைக்கப்பட்டது. பிழை நேர்ந்தால் ஒரு கேள்விக்குறி மட்டுமே மறுமொழியாகும்.

அடிப்படைக் கட்டளைகள்

கட்டளைகள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளாகும். இங்கு அவை ஒலிப்பெயரால் குறிக்கப்படுகின்றன. 'ஏ' உரையைச் சேர்க்கும். சேர்த்து முடித்தபின் தனி வரியில் ஒரு புள்ளி மட்டும் இடவேண்டும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: புள்ளியை மறந்தால் அடுத்து இடும் கட்டளைகளும் உரையாகவே சேர்ந்துவிடும். 'என்' வரிகளை எண்ணுடன் காட்டும், 'டி' நீக்கும், 'எஸ்' ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்றும், 'யு' கடைசி மாற்றத்தை விலக்கும்.

வரிமுகவரி

கட்டளைக்கு முன் வரும் வரியெண்ணே முகவரி. தோல் தொழில் நடைபெறும் ஊர்களையும் அவற்றின் மாவட்டத்தையும் கொண்ட பழைய கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்:

1 பேரணாம்பட்டு - வேலூர்
2 ஆம்பூர் - வேலூர்
3 வாணியம்பாடி - வேலூர்
4 இராணிப்பேட்டை - வேலூர்

2019 இல் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில் சேர்ந்தன. கோப்பைத் திருத்த இடவேண்டிய கட்டளைகள்:

2,3எஸ்/வேலூர்/திருப்பத்தூர்/
4எஸ்/வேலூர்/இராணிப்பேட்டை/

முதற்கட்டளையில் எண்களை விட்டுக் காற்புள்ளியை மட்டும் இட்டால் அது எல்லா வரிகளையும் குறிக்கும். வேலூரிலேயே நீடிக்கும் பேரணாம்பட்டும் மாவட்டம் மாறிவிடும். எட் எச்சரிக்காது, ஏனெனில் கட்டளையில் பிழை ஏதுமில்லை. முகவரியே இல்லையெனில் நடப்பு வரி மட்டும் மாறும். ஆகவே மாற்றும் முன்னும் பின்னும் 'என்' இட்டுப் பார்ப்பது நன்று.

சேமித்தல்

மாற்றங்கள் நினைவகப் பிரதியிலேயே நிகழ்கின்றன. 'டபிள்யூ' இடும்வரை வட்டிலுள்ள கோப்பு மாறாது. சேமித்ததும் எட் பைட்டு எண்ணிக்கையை அச்சிடும். "ஆம்பூர்" என்ற ஒரே வரி கொண்ட கோப்புக்கு 22 என வருவது வியப்பளிக்கலாம். யு.டி.எப்-8 முறையில் இச்சொல்லின் 7 குறிகளும் தலா 3 பைட்டு பெறும். எஞ்சிய ஒன்று வரிமுடிவுக்குரியது. சேமிக்காமல் 'கியூ' இட்டால் முதன்முறை கேள்விக்குறி தோன்றும்; மீண்டும் இட்டால் மாற்றங்களைக் கைவிட்டு வெளியேறும்.

வழித்தோன்றல்கள்

செட், எக்ஸ் ஆகியவை எட்டின் வழிவந்தவை. கிரெப் என்ற பெயரும் எட் கட்டளை ஒன்றின் வடிவமே. விஐ தொகுப்பியில் முக்காற்புள்ளிக்குப் பின் மேற்கண்ட இரு கட்டளைகளையும் அப்படியே இடலாம்.