முப்பரிமாண எழுத்தும் மூழ்கும் புள்ளியும்

தட்டையான தாளிலே ஓர் எழுத்து, மரத்தில் செதுக்கி வைத்தாற்போல் எழுந்து நிற்பதைக் காண்கிறோம். திரைப்படத் தலைப்பிலும் விழாப் பதாகையிலும் கண்ணைக் கவரும் இம்முப்பரிமாண எழுத்தைக் கணிப்பொறியில் வரைவது கடினமன்று. ஆனால் தமிழ் எழுத்தை அவ்வாறு வரைவதில் ஒரு நுட்பம் உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், எழுத்துக்குக் கனம் இருப்பதாக நம் கண் ஏன் நம்புகிறது? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை எண்ணிப் பாருங்கள். கல்லுக்கும் எழுத்துக்கும் ஒரே நிறம். வெயில் பக்கவாட்டில் சாயும்போது, வெட்டின் ஒரு கரை ஒளிர்கிறது, மறுகரை நிழலாகிறது, எழுத்து தெளிவாகிறது. கணிப்பொறி செய்வதும் இதுவே. எழுத்தின் முகப்புக்கு வெளிர் நிறம், பக்கத்துக்கு அடர்ந்த நிறம். வெளிச்சம் இடப்புறம் மேலிருந்து வருவதாகக் கொள்வது வழக்கம். எல்லா எழுத்துக்கும் திசை ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

2003இல் தோன்றிய இன்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அதில் யுனிகோடு எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து சொல்லைத் தட்டுங்கள். எழுத்துப் பிழை பாருங்கள். ஒரு பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'பாத்' பட்டியலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' என்பதை அழுத்தினால் எழுத்து வெறும் கோட்டு வடிவமாகிவிடும். 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பட்டியலில் 'ஜெனரேட் ஃப்ரம் பாத்' பகுதியிலுள்ள 'மோஷன்', அவ்வடிவத்துக்குப் பக்கங்களை அமைத்துத் தரும். எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்பதை நாமே கொடுக்க வேண்டும். தமிழுக்குரிய நுட்பம் இங்கேதான் இருக்கிறது.

'தமிழ்ச் சங்கம்' என்ற தொடரில் எட்டு எழுத்துகள். அவற்றுள் நான்கு புள்ளி பெற்றவை. பக்கத்தைக் கீழ்நோக்கி நீட்டினால் புள்ளியின் நிழல் எழுத்தின் தலையில் இறங்குகிறது. மேல்நோக்கி நீட்டினால் எழுத்தின் பக்கம் புள்ளியை முட்டுகிறது. நான் வசிக்கும் மயூர் விஹாரில் ஒரு விழாப் பதாகையைக் கண்டேன். அதில் புள்ளிகள் யாவும் கருமையில் மூழ்கிக் கிடந்தன. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயின்று, வீட்டில் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவன் ஒருவன், "தமிழச சஙகம" என்று வாசித்துவிட்டுத் தந்தையின் முகத்தைப் பார்த்தான். பிழை அவனுடையதா?

ஆகவே எளிய விதி ஒன்று கூறுவேன். புள்ளிக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு சென்டிமீட்டர் என்றால், பக்கம் செங்குத்தாக இறங்கும் அளவு அரை சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. கனம் மிகுதியாக வேண்டுமாயின் பக்கவாட்டில் நீட்டுக. எழுத்துகளைச் சற்றே விலக்குக. மிகவும் விலக்கினால் கொம்பும் துணைக்காலும் தம் எழுத்தைவிட்டுப் பிரிந்து, கால் 'ர' போலத் தோன்றும். 'ண', 'ஞ' முதலியவற்றின் உள்வெளிகள் அடைபடாமலும் பார்த்துக்கொள்க.

உண்மையாகவே முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்க விரும்புவோருக்கு பிளெண்டர் உண்டு. தமிழ் எழுத்தின் சேர்க்கையை அறியாத மென்பொருளில் 'கொ' என்று தட்டினால் கொம்பு பின்னே போய் நிற்கும். ஆகையால் இன்க்ஸ்கேப்பில் கோட்டு வடிவமாக்கி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து, அங்கே கொண்டு சென்று 'எக்ஸ்ட்ரூட்' செய்க.

தில்லியில் பதாகை அச்சிடுவோர் பலருக்குத் தமிழ் தெரியாது. நம் எழுத்துரு அவர்களுடைய கணிப்பொறியில் இல்லாவிட்டால் சொல் சிதையும். சிதைந்தது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. எனவே கோட்டு வடிவமாகவே கொடுங்கள். அச்சிடுமுன் மாதிரியை நீங்களே படியுங்கள்.

நண்பர்களே, அடுத்த விழாவுக்குப் பதாகை வரையும்போது, பத்தடி தூரத்தில் நின்று ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிப் பாருங்கள். எழுத்துக்கு அழகு வேண்டும்தான். அதற்கு முன் அது படிக்கப்பட வேண்டும்.