கண்ணாடி இருந்த இடம்

கேமரா வாங்க நினைப்பவர்களிடமிருந்து இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. கையிலிருக்கும் பணத்துக்குப் புத்தம் புதிதாக ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா கிடைக்கிறது. ஏறத்தாழ அதே பணத்துக்கு, ஒரு காலத்தில் கல்யாண போட்டோகிராபர்களின் கழுத்தில் மட்டுமே தொங்கிய பெரிய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. எதை வாங்குவது? கடைக்காரர் புதியதை எடுத்து வைப்பார். பல வருடங்களாகப் படமெடுக்கும் நண்பர் பழையதைத்தான் சொல்வார். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. அது யாருக்கு, எப்போது பொருந்தும் என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. கேமராவுக்குள் வெளிச்சம் போகும் பாதைதான் சொல்லும்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க, ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2012-இல் வந்த கேனான் 5டி மார்க் 3. ஃபுல் ஃப்ரேம் சென்சார், 22.3 மெகாபிக்சல், பேட்டரியும் கார்டும் சேர்த்து 950 கிராம். அமெரிக்காவில் அறிமுகமானபோது பாடி மட்டும் 3,499 டாலர். இன்னொன்று, 2023-இல் வந்த கேனான் ஆர்50. ஏ.பி.எஸ்.-சி அளவிலான சிறிய சென்சார், 24.2 மெகாபிக்சல், 375 கிராம். 18-45 மி.மீ. கிட் லென்ஸோடு சேர்த்தே அறிமுக விலை 799 டாலர். மெகாபிக்சல் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த எண்ணை இங்கேயே மறந்துவிடலாம்.

முதலில், மிரர்லெஸ் என்ற பெயர் இல்லை என்று சொல்லும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிடுவோம். டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அதில் பட்டு மேலே திரும்பி, ஒரு மங்கல் திரையில் பிம்பமாக விழுந்து, ஐங்கோணப் பட்டகத்துக்குள் புகுந்து நேராகி நம் கண்ணுக்கு வருகிறது. வியூஃபைண்டரில் நாம் பார்ப்பது அசல் வெளிச்சம். அதில் தாமதமும் இல்லை, மின்சாரச் செலவும் இல்லை. கண்ணாடியின் நடுப்பகுதி மட்டும் வெளிச்சத்தில் ஒரு பங்கை ஊடுருவ விடும். ஊடுருவிய வெளிச்சம் பின்னால் இருக்கும் இன்னொரு குட்டிக் கண்ணாடியில் பட்டுக் கீழே இறங்கி, கேமராவின் அடியில் உள்ள ஃபோகஸ் சென்சாரில் விழுகிறது. படம் பதிய வேண்டிய பெரிய சென்சார் அதுவரை மூடிய ஷட்டருக்குப் பின்னால் இருட்டில் இருக்கிறது.

பட்டனை அழுத்தியதும் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றாக மேலே மடங்குகின்றன. லென்ஸின் துவாரம் சுருங்குகிறது. ஷட்டரின் முதல் திரை திறந்து, இரண்டாம் திரை மூடுகிறது. கண்ணாடிகள் மறுபடி இறங்கி, பழைய இடத்தில் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். 5டி மார்க் 3 இத்தனையையும் நொடிக்கு 6 தடவை செய்கிறது, ஒன்றரை லட்சம் தடவை தாங்கும் ஷட்டரோடு. இவ்வளவு நேர்த்தியான இயந்திர வேலை நம் கைக்குச் சாதாரணமாகக் கிடைத்தது அபூர்வம். ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. எந்தக் கணம் படமாகப் பதிகிறதோ, அந்தக் கணத்தை மட்டும் படமெடுப்பவர் பார்க்க முடியாது. கண்ணாடி மேலே இருப்பதால் அப்போது வியூஃபைண்டர் இருண்டிருக்கும்.

ஃபோகஸ் விஷயத்துக்கு வருவோம். இரண்டு கேமராக்களையும் உண்மையில் பிரிப்பது இதுதான். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி, பிறகு மறுகண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவருக்கு எதிரே விரல் இடம் மாறுவது போலத் தெரியும். கேமராவும் இதையே செய்கிறது. லென்ஸின் ஒரு ஓரம் வழியாக வரும் பிம்பத்தையும் எதிர் ஓரம் வழியாக வரும் பிம்பத்தையும் ஒப்பிடுகிறது. இரண்டும் விலகியிருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது என்று பொருள். எவ்வளவு விலகல், எந்தப் பக்கம் என்பதிலிருந்து லென்ஸை எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது ஒரே அளவீட்டில் தெரிந்துவிடும். தேடித் தடவ வேண்டியதில்லை. இதற்குப் பேஸ் டிடெக்‌ஷன் என்று பெயர். 5டி மார்க் 3-இல் இதற்காக 61 புள்ளிகள் உண்டு. எல்லாம் சட்டத்தின் நடுப்பகுதியில் குவிந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அளப்பது ஓரிடம், படம் பதிவது வேறிடம். லென்ஸிலிருந்து கண்ணாடி வழியாக ஃபோகஸ் சென்சாருக்கு உள்ள தூரமும், நேராகப் பெரிய சென்சாருக்கு உள்ள தூரமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாக வேண்டும். வருடக்கணக்கில் அடித்து அடித்து மடங்கிய கண்ணாடி இம்மியளவு நகர்ந்திருந்தாலும் கணக்கு தவறும். 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8 என்ற அகலத் திறப்பில் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர்தான். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதோரத்துக்கு நழுவ ஒரு சின்னப் பிசகே போதும். இதைச் சரிசெய்துகொள்ள 5டி மார்க் 3-இன் மெனுவிலேயே ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித் திருத்தம் உண்டு. பழைய கேமரா வாங்குபவர்கள் அதைச் செய்து பார்க்காமல் லென்ஸைக் குறை சொல்லக் கூடாது.

அப்படியானால் கண்ணாடியை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 5டி மார்க் 3-இலேயே லைவ் வியூவைப் போட்டால் கண்ணாடி மேலேறி நின்றுவிடும். அந்த நேரத்தில் அதுவும் ஒரு மிரர்லெஸ்தான். ஆனால் ஃபோகஸ் ஆமை வேகத்துக்கு வந்துவிடும். கீழே உள்ள ஃபோகஸ் சென்சாருக்கு வெளிச்சம் போகாது. பெரிய சென்சாருக்கோ பிம்பம் கூர்மையா இல்லையா என்று மட்டும் தெரியும், எந்தப் பக்கம் தப்பியது என்று தெரியாது. அதனால் லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தேடும். கேனானைப் பொறுத்தவரை திருப்பம் 2013-இல் வந்தது, அதுவும் இஓஎஸ் 70டி என்ற ஒரு டி.எஸ்.எல்.ஆரில். அதன் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் இரண்டு ஒளியுணர்விகளாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று லென்ஸின் ஒரு பாதியையும் மற்றது மறுபாதியையும் பார்க்கும். படம் பதியும் இடத்திலேயே இரண்டு கண் பார்வை கிடைத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்ற முடிந்ததற்குப் பின்னால் இருக்கும் நிஜமான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். மிரர்லெஸ் என்ற பெயர் போனதைச் சொல்கிறது, வந்ததைச் சொல்லவில்லை.

ஆர்50-க்கு இதனால் இரண்டு லாபம். அளப்பதும் பதிவதும் ஒரே இடம் என்பதால் முன்னே பின்னே நழுவும் அந்தப் பழைய பிழைக்கு இடமில்லை. அடுத்தது இன்னும் பெரியது. பெரிய சென்சார் எப்போதும் விழித்திருப்பதால், எதிரே இருப்பது என்ன என்று செயலியால் அடையாளம் காண முடிகிறது. ஆள், நாய், பூனை, பறவை, வண்டி. ஆளானால் முகம், முகத்தில் கண். ஓடுகிற குழந்தையின் கண் சட்டத்தின் எந்த மூலைக்குப் போனாலும் ஃபோகஸ் பின்னாலேயே போகும். 5டி மார்க் 3-இல் இந்த வேலை முழுக்க உங்கள் விரலும் பயிற்சியும் செய்ய வேண்டியது. நூறு கல்யாணம் பார்த்தவர் செய்துவிடுவார். முதல் கேமரா வாங்குபவரால் முடியாது.

பழையதின் பக்கம் நிற்பவர்கள் சொல்லும் வலுவான வாதம், சென்சாரின் அளவு. ஃபுல் ஃப்ரேம் என்பது 36-க்கு 24 மி.மீ. ஆர்50-இன் சென்சார் 22.3-க்கு 14.9 மி.மீ. பரப்பில் 2.6 மடங்கு வித்தியாசம். இது ஏன் முக்கியம்? வெளிச்சம் ஃபோட்டான்களாகத் துளித்துளியாக வருகிறது, அதுவும் சீராக அல்ல. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது ஒரு சதவீதம். 100 ஃபோட்டான்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து சதவீதம். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலத் தெரிவது பெரும்பாலும் இதுதான். குற்றம் கேமராவுடையதல்ல, வெளிச்சத்தின் இயல்பே அப்படி. 2.6 மடங்கு அதிக வெளிச்சம் சேர்த்தால் இந்தக் கரகரப்பு ஏறத்தாழ 1.6-இல் ஒரு பங்காகக் குறையும்.

கணக்குப்படி பழையதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் இடையில் பதினொரு வருட முன்னேற்றம் இருக்கிறது. புதிய சென்சார்கள் தம்மேல் விழும் வெளிச்சத்தில் அதிகப் பங்கை எலெக்ட்ரானாக மாற்றுகின்றன, ஆகவே அந்த 1.6 நடைமுறையில் இன்னும் சுருங்கும். நிழல் விஷயத்தில் கதை தலைகீழ். 5டி மார்க் 3-இல் சென்சாரின் மின் சமிக்ஞை வெளியே உள்ள வேறொரு சில்லுக்குப் பயணம் செய்து அங்கேதான் எண்ணாக மாறியது. வழியில் மின் இரைச்சல் ஒட்டிக்கொண்டது. 2016 முதல் கேனான் இந்த மாற்றத்தைச் சென்சாருக்குள்ளேயே செய்யத் தொடங்கியது. உச்சி வெயிலில் ஒரு வீட்டின் முகப்பை ஐ.எஸ்.ஓ. 100-இல் எடுத்து, திண்ணையில் நிழலில் இருப்பவரைக் கம்ப்யூட்டரில் வெளிச்சப்படுத்திப் பாருங்கள். பழைய பெரிய சென்சாரில் நிழலுக்குள் கோடு கோடாக அழுக்குத் தெரியும். சின்ன ஆர்50 அங்கே சுத்தமாக இருக்கும்.

இரவில் யார் நல்ல படம் எடுப்பார் என்பதை முடிவு செய்வது சென்சாரைவிட லென்ஸ்தான். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். ஆர்50-உடன் வரும் கிட் லென்ஸை 45 மி.மீட்டருக்கு நீட்டினால் அதன் துவாரம் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது. ஒரு சாதாரண 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல் 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 2.6 எங்கே, 12 எங்கே? பழைய கேமராவில் 50 மி.மீ. லென்ஸையும், புதியதில் கிட் லென்ஸையும் மாட்டி, இரவுப் படங்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள் உண்மையில் இரண்டு லென்ஸ்களைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

வேறு சில விஷயங்கள். பேட்டரியில் பழையது அசைக்க முடியாதது: ஒரு சார்ஜில் 950 படம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. சென்சாரையும் வியூஃபைண்டருக்குள் உள்ள குட்டித் திரையையும் ஓயாமல் இயக்கும் ஆர்50 சில நூறோடு நிற்கும், ஆகவே கூடுதல் பேட்டரி ஒன்றைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். 5டி மார்க் 3-இல் இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியலாம். தாலி கட்டும் படத்தை இன்னொரு முறை எடுக்க முடியாதவர்களுக்கு அது உயிர்நாடி. ஆர்50-இல் சத்தமில்லாத மின்னணு ஷட்டர் உண்டு. ஆனால் அது சென்சாரை வரிசை வரிசையாகப் படிப்பதால், சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் வளைந்து தெரியும், சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மண்டபத்துக்குள் அதை அணைத்து வைப்பது நல்லது.

வீடியோவில் போட்டியே இல்லை. டி.எஸ்.எல்.ஆர். தமிழ் சினிமாவுக்கே கதவு திறந்தது உண்மை. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ கேனான் 7டி-யில் எடுக்கப்பட்டது. ஆனால் அங்கே ஃபோகஸைக் கையால் பிடிக்கத் தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். தனியாகப் பேசி, தானே படமெடுத்துக்கொள்பவருக்கு 4கே பதிவும் முகத்தை விடாத ஃபோகஸும் உள்ள ஆர்50 வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை, பறவை, வீடியோ, பயணம் இவற்றில் எது உங்கள் முதல் ஆசையானாலும் புதிய மிரர்லெஸ்ஸை வாங்குங்கள், அடுத்த செலவாக ஒரு எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள். நின்று நிதானமாக ஆள், கோயில், தெரு என்று எடுப்பவர், கனத்தைப் பொருட்படுத்தாதவர், அசல் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தே படமெடுக்க வேண்டும் என்பவர் பழையதைத் தயங்காமல் எடுக்கலாம்.

பழையதை வாங்கும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் வானத்தை எஃப்/16-இல் எடுத்துத் திரையில் பெரிதாக்கினால் சென்சாரில் ஒட்டிய தூசியும் எண்ணெய்த் துளியும் கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸுக்குள் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி இழை போல வெள்ளையாகக் கிளை பரப்பியிருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவுக்குள் வைத்திருந்த லென்ஸ்களில் இது சகஜம். விலை எவ்வளவு குறைவென்றாலும் வேண்டாம்.

பழைய கேமராவோடு வாங்கும் லென்ஸ்கள் வீணாகுமோ என்ற பயம் வேண்டாம். கண்ணாடி மடங்க இடம் வேண்டும் என்பதால் பழைய கேனானில் லென்ஸ் பூட்டும் வளையம் சென்சாரிலிருந்து 44 மி.மீ. தள்ளி இருந்தது. ஆர்50-இல் அது 20 மி.மீ. மீதமுள்ள 24 மி.மீ. இடைவெளியை நிரப்ப ஒரு அடாப்டர் வளையம் போதும். பழைய 50 மி.மீ. லென்ஸ் புதிய பாடியில் தானியங்கி ஃபோகஸோடு வேலை செய்யும். படத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிவதால் 80 மி.மீ. லென்ஸ் போலத் தெரியும், முகங்களை எடுக்க அது இன்னும் வசதி. ஆர்50-க்கான புதிய ஆர்.எஃப். லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட மட்டும் வழியில்லை; நடுவில் கண்ணாடி நிற்கிறது.