காது கொடுத்துக் கேட்ட விமானம்

செங்கற்பட்டு ரயில் நிலையத்தில் அரக்கோணம் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அந்த அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து, 2017 வரை சுமார் 25 ஆண்டுகள் டி.யு.142 என்ற சோவியத் விமானங்கள் கடலைக் காவல் காத்தன. அவற்றில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே பள்ளிச் சுற்றுலா போனால், முதலில் விசிறிகளை எண்ணிப் பாருங்கள். நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு விசிறிகள். ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். முன்விசிறி முறுக்கிவிடும் காற்றைப் பின்விசிறி நேராக்கி, வீணாகும் சக்தியையும் உந்துவிசையாக்கிவிடும்.

ஆனால் சத்தம்! இலைகளின் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டுமாம். உலகிலேயே மிக இரைச்சலான விமானங்களில் இதுவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், இதன் வேலையே காது கொடுத்துக் கேட்பதுதான்!

நீர்மூழ்கிக் கப்பலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆழத்தில் வெளிச்சம் இல்லை. ராடாரின் ரேடியோ அலைகளைக் கடல்நீர் விழுங்கிவிடும். ஒலி மட்டும் அங்கே வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஓடுவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். மட்டக்களப்பு வாவியில் ‘பாடும் மீன்’ ஓசையைக் கேட்க, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பார்களே, அதே தத்துவம்தான்.

விமானம் துடுப்பை நீட்ட முடியுமா? ஆகவே அது சோனோபாய் என்னும் மிதவைக் குழாய்களைக் கடலில் போடும். குழாயின் ஒலிவாங்கி நீருக்குள் தொங்கும். மேலே மிதக்கும் ஆண்டெனா கேட்டதை ரேடியோ மூலம் விமானத்துக்கு அனுப்பும். எஞ்சின் இரைச்சல் குறுக்கே வராது. பல மிதவைகள் கேட்டதை ஒப்பிட்டு, கப்பல் இருக்குமிடத்தைக் கணிப்பார்கள்.

இது வெறும் விளையாட்டல்ல. 1971 டிசம்பரில், நமது விக்ராந்த் கப்பலைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, இதே விசாகப்பட்டினத்துக்கு அருகில் மூழ்கியது. உள்ளே இருந்த 90க்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. கேட்பவருக்கும் ஒளிந்திருப்பவருக்கும் அங்கே உயிர்தான் பந்தயம்.

விமானத்தைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து போங்கள். மணலில் குர்சுரா என்ற நம் பழைய நீர்மூழ்கி நிற்கிறது. 2002 முதல் அதுவும் அருங்காட்சியகம். வேட்டையாடியது ஒரு பக்கம், அது தேடும் இனம் மறுபக்கம்! குர்சுராவைப் போன்ற வாக்லி என்ற நீர்மூழ்கி 2010இல் ஓய்வு பெற்றபோது, அதை மாமல்லபுரத்தில் நிறுத்தத் திட்டமிட்டார்கள். அது நிறைவேறாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதுவரை வீட்டிலேயே ஒரு சோதனை. வாளி நிறையத் தண்ணீர் வையுங்கள். தம்பியை நீருக்குள் இரண்டு கூழாங்கற்களை மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். ஒரு மரக்கோலின் முனையை நீரில் விட்டு, மறுமுனையைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் பொருத்திக் கேளுங்கள். பிறகு கோலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். எது தெளிவாகக் கேட்டது?